பாதுகாப்பு வேறு, அபாயம் வேறு: முல்லைப் பெரியாறு மண் அணையும் கொச்சியின் அச்சமும்

புது தில்லி: முல்லைப் பெரியாறு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும்போதெல்லாம் தலைநகரில் மூன்று எண்களே திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. அவை 136, 142, 152. நீர்மட்டம் 136 அடியைத் தாண்டக் கூடாது என்றது கேரளம். 142 அடி வரை தேக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அணை கட்டப்பட்டபோது இருந்த 152 அடி உரிமையை மீண்டும் பெற வேண்டும் என்பது தமிழகத்தின் நிலை.

இந்த மூன்றாவது எண்ணுக்குத் தடையாக இருப்பது 1,200 அடி நீளமும் 176 அடி உயரமும் கொண்ட பிரதான அணை அல்ல. அதன் பக்கவாட்டில் உள்ள 240 அடி நீள "பேபி' அணையும், அதை ஒட்டியுள்ள சிறிய மண் அணையுமே. இவ்விரண்டையும் பலப்படுத்தும் பணி முடிந்த பிறகே 152 அடி குறித்துப் பரிசீலிக்க முடியும் என்பதுதான் 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதல் இன்று வரை உள்ள ஏற்பாடு. ஒரு சிறிய மண் கரையின் தரச் சான்றுக்காக இரு மாநிலங்களும் மத்திய அரசும் உச்ச நீதிமன்றமும் இத்தனை ஆண்டுகளைச் செலவிட்டிருக்கின்றன.

அணை பலமாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது உடைந்தால் யாருக்கு என்ன நேரும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குத் தமிழகம் விடை சொல்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேரளம் கேட்கிறது. ஒருவர் கேள்விக்கு மற்றவர் விடையளிக்காமல் இருப்பதே இந்த வழக்கு முடிவுக்கு வராமல் நீளுவதற்கு முக்கியக் காரணம்.

மட்டாஞ்சேரிக்கு என்ன தொடர்பு?

கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கும் மேல் உயரத்தில் தேக்கடி மலைக்காட்டில் இருக்கும் அணைக்கும், உப்பங்கழிகளுக்கும் அரபிக் கடலுக்கும் இடையே கிடக்கும் மட்டாஞ்சேரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு பெரியாறுதான்.

244 கிலோ மீட்டர் நீளமுள்ள இந்த ஆறு முல்லைப் பெரியாறு அணையைக் கடந்து வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை, அய்யப்பன்கோவில் வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்தை அடைகிறது. பிறகு நேரியமங்கலம், பூதத்தான்கெட்டு, மலையாற்றூர், காலடி ஆகிய ஊர்களைத் தொட்டு ஆலுவாவில் இரண்டாகப் பிரிந்து கொச்சியைச் சுற்றியுள்ள காயல்களிலும் கடலிலும் கலக்கிறது.

கொச்சித் துறைமுகமே பெரியாற்றின் கொடை என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. 1341-இல் ஏற்பட்ட பெருவெள்ளத்தில், சங்க காலம் முதல் புகழ்பெற்றிருந்த முசிறித் துறைமுகம் மணல் மூடித் தூர்ந்தது என்றும், தெற்கே கொச்சியின் கழிமுகம் அகன்று கப்பல்கள் நுழைய வழி பிறந்தது என்றும் அவர்கள் கூறுகின்றனர். மிளகு வணிகம் கொச்சிக்கு வந்ததும், யூதர் தெருவும் அரண்மனையும் பண்டகசாலைகளும் மட்டாஞ்சேரியில் எழுந்ததும் அதற்குப் பிறகுதான்.

இன்றும் மட்டாஞ்சேரி குடிப்பது பெரியாற்றின் நீரைத்தான். கொச்சி நகருக்கு நெடுங்காலமாக ஆலுவாவிலிருந்து பெரியாற்று நீர் குழாய் வழியே வருகிறது. மேற்குக் கொச்சிக்கு மூவாற்றுப்புழை ஆற்றின் பாழூர் நிலையத்திலிருந்தும் நீர் வருகிறது. இடுக்கி அணையின் நீர் மூலமற்றம் மின் நிலையத்தில் மின்சாரம் தயாரித்து முடிந்ததும் தொடுபுழை வழியாக இந்த மூவாற்றுப்புழை ஆற்றில்தான் சேருகிறது. ஆக, இந்த வழியிலும் ஊருக்கு வருவதில் பெரியாற்று நீர் உண்டு.

முல்லைப் பெரியாற்றில் தடுக்கப்பட்டுக் கிழக்கே திரும்பும் நீர், தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்கும் குடிநீருக்கும் பயன்படுகிறது. அதில் விளையும் காய்கறி, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக மீண்டும் கேரளச் சந்தைகளுக்கே செல்கிறது. ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள சலவைக் கூடத்தில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. எனவே, இந்த அணையைப் பற்றிய அச்சத்தை "மலையாளிகளின் அச்சம்' என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட முடியாது.

மண் அணையின் பலமும் பலவீனமும்

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசின் சார்பில் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய கட்டுமானப் பணி 1895-இல் முடிந்தது. பிரதான அணையின் முகங்கள் கருங்கல்லால் ஆனவை. உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரை. தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்கி நிற்கும் வகை இது. பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்த தாழ்வான இடத்தை அடைப்பதற்காக பேபி அணையும், அதைத் தொடர்ந்து மண் அணையும் அமைக்கப்பட்டன.

கல் அணைக்கும் மண் அணைக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. கல் அணையின் மேல் சிறிது நேரம் நீர் வழிந்தாலும் அது நின்றுவிடக் கூடும். மண் அணையின் மேல் நீர் வழியத் தொடங்கினால், வழியும் நீரே கரையை அரித்து, சில மணி நேரத்தில் பிளந்துவிடும். மண் அணைக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று, வெள்ளம் கரையைத் தாண்டி வழிவது. இரண்டாவது, கரையின் உள்ளே ஊறும் கசிவு மெல்ல மெல்ல மண்ணை இழுத்துச் சென்று துளையாக மாறுவது. மூன்றாவது, ஈரமேறிய சரிவு தன் எடை தாங்காமல் சரிவது.

ஏரிப் பாசனத்தில் பழகிய தமிழர்களுக்கு இது புதிதல்ல. கலிங்கல் வழியாக நீர் போனால் ஊர் பிழைக்கும், கரை மேல் போனால் பிழைக்காது என்பதை அறிந்தே நம் முன்னோர் ஏரிகளை அமைத்தனர். கரையில் நண்டு வளையும் எலி வளையும் தென்பட்டால் உடனே அடைப்பதும், கரையின் மேல் பெருமரம் வளரவிடாமல் பார்ப்பதும் குடிமராமத்தின் பகுதியாகவே இருந்தன. மரம் பட்டுப்போனால் அழுகும் வேர் விட்டுச் செல்லும் இடைவெளியே கசிவுக்கு வழியாகிவிடும் என்பதே அதற்குக் காரணம்.

மோர்பி சொன்ன பாடம்

1979 ஆகஸ்ட் 11-இல் குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலே மச்சு-2 அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன் நடுவில் இருந்த கல் கட்டுமானமும் மதகுகளும் நின்றன. இரு பக்கமும் இருந்த மண் கரைகளே வெள்ளம் மேலேறி வழிந்ததில் கரைந்து போயின. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்தது. மதகுகளால் அதை வெளியேற்ற முடியவில்லை.

இந்தச் செய்திதான் கேரளத்தில் முல்லைப் பெரியாறு பற்றிய அச்சத்தைப் பெரிதாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய நீர் ஆணையத்தின் அன்றைய தலைவர் கே.சி. தாமஸ் தலைமையில் திருவனந்தபுரத்தில் கூட்டம் நடந்தது. நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைப்பது, அணையின் உச்சியில் கான்கிரீட் தொப்பி அமைப்பது, இரும்பு வடங்களால் அணையை அடித்தளப் பாறையுடன் பிணைப்பது, பின்புறம் கான்கிரீட் முட்டு கொடுப்பது, கூடுதல் மதகுகள் அமைப்பது ஆகியவை முடிவு செய்யப்பட்டன. பத்தாக இருந்த மதகுகள் பதின்மூன்றாயின. பிரதான அணைக்கான இந்தப் பணிகளைத் தமிழகம் தன் செலவில் முடித்தது.

மோர்பியில் உடைந்தது மண் கரை. அந்த விபத்தைச் சுட்டிக்காட்டித் தொடங்கிய பணியோ முல்லைப் பெரியாற்றில் கல் அணையில் முடிந்தது. பேபி அணையையும் மண் அணையையும் முழுமையாகப் பலப்படுத்தும் வேலை மட்டும் வனத் துறை அனுமதி, சாலை வசதி, மரம் வெட்டும் அனுமதி என்று ஒவ்வொரு காரணத்தால் தள்ளிப் போனது.

இரண்டு அளவுகோல்கள்

ஓர் அணைக்கு இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் உண்டு. முதலாவது, அணையின் உடல்நிலை. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அணைகளை ஆய்வு செய்து, குறைபாடுகளை மூன்று பிரிவுகளாக வகைப்படுத்துவது நம் நாட்டு நடைமுறை. கவனிக்காவிட்டால் அணையே உடையக் கூடிய குறை முதல் பிரிவு. விரைந்து சீரமைக்க வேண்டிய பெரிய குறை இரண்டாம் பிரிவு. ஆண்டுக்குள் சரிசெய்துவிடக் கூடிய சிறிய குறை மூன்றாம் பிரிவு.

இரண்டாவது, அபாய மதிப்பீடு. இதில் அணையின் பலம் கணக்கில் வருவதே இல்லை. ஒருவேளை உடைந்தால் கீழே எத்தனை உயிர்கள், எத்தனை வீடுகள், எந்தப் பாலம், எந்த மின் நிலையம், எந்தக் காடு பாதிக்கப்படும் என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது. அமெரிக்காவில் குறைந்தது, குறிப்பிடத்தக்கது, உயர்ந்தது என மூன்று வகுப்புகளும், மத்திய நீர் ஆணையத்தின் வழிகாட்டுதலில் நான்கு வகுப்புகளும் உள்ளன. "உயர் அபாய அணை' என்று கூறினால் அது பலவீனமான அணை என்று பொருளல்ல. நேற்றுக் கட்டிய, ஒரு விரிசலும் இல்லாத அணைகூட, கீழே நகரம் இருந்தால் உயர் அபாய வகுப்பில்தான் வரும்.

அணை மாறாமல் இருந்தாலும் அபாய வகுப்பு மாறக் கூடும். 1895-இல் இந்த அணைக்குக் கீழே பெரும்பாலும் காடு. இன்று தேயிலைத் தோட்டங்கள், லயன் குடியிருப்புகள், கடைவீதிகள், பள்ளிகள், ஆலைகள், விமான நிலையம் எல்லாம் ஆற்றங்கரையில் உள்ளன. எந்த அளவுகோலில் பார்த்தாலும் இது உயர் அபாய வகுப்பில் வரும் அணைதான். இதை ஒப்புக்கொள்வதால் அணை பலவீனமானது என்று தமிழகம் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அணை பலமானது என்ற நிபுணர் குழு முடிவை ஏற்பதால் கீழே உள்ளவர்களுக்கு அபாயமே இல்லை என்று கேரளம் ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது.

சிறிய அணை, பெரிய இழப்பு

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1985-இல் வகுத்த விதிப்படி, கொள்ளளவு 50 லட்சத்திலிருந்து ஒரு கோடி கன மீட்டர் வரையிலோ, நீர் உயரம் 7.5 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரையிலோ இருந்தால் அது "சிறிய அணை' என்று எழுதினால் அது தவறாகிவிடும்; விதியில் உள்ள கீழ்வரம்பு 5 லட்சம் கன மீட்டர்தான். அவ்வளவு சிறிய நீர்நிலையும் அணைக் கணக்கில் வருகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக் கூடிய வெள்ளத்தைத் தாங்கினால் சிறிய அணைக்குப் போதும். பெரிய அணையோ, அந்தப் படுகையில் வரக் கூடிய உச்சபட்ச வெள்ளத்தையே தாங்க வேண்டும்.

சிறிய அணை என்பதால் இழப்பும் சிறிதாக இருப்பதில்லை. 1977 நவம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற சிறிய மண் அணை நள்ளிரவில் உடைந்து 39 பேர் இறந்தனர். அதன் பிறகே உயர் அபாய அணைகள் அனைத்தையும் ஆய்வு செய்ய அதிபர் ஜிம்மி கார்ட்டர் உத்தரவிட்டார். இலங்கையில் 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நம் நாட்டிலும் அண்மைக்கால உதாரணங்கள் உள்ளன. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண் அணை 2019 ஜூலை 2-ஆம் தேதி இரவு உடைந்து இருபது பேர் வரை பலியாயினர். கரையில் கசிவு இருப்பதாக ஊர் மக்கள் முன்பே புகார் தெரிவித்திருந்தனர். நண்டுகள் துளைத்ததே காரணம் என்று மாநில அமைச்சர் ஒருவர் கூறியது பெரும் சர்ச்சையானது. ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் அன்னமய்யா அணையின் மண் கரை 2021 நவம்பர் 19-இல் வெள்ளம் வழிந்து உடைந்தது. அதன் ஐந்து மதகுகளில் ஒன்று ஏற்கெனவே பழுதாகிக் கிடந்தது. மண் அணையின் உயிர் அதன் மண்ணில் மட்டும் இல்லை. பக்கத்து மதகு உரிய நேரத்தில் திறப்பதிலும் இருக்கிறது.

நீதிமன்றம் சொன்னது என்ன?

2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த அனுமதித்தது. பேபி அணையும் மண் அணையும் பலப்படுத்தப்பட்ட பின், நிபுணர்கள் ஆராய்ந்து 152 அடி குறித்து முடிவு செய்யலாம் என்றது. அடுத்த மாதமே கேரள சட்டப் பேரவை, 136 அடிதான் என்று சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. தமிழகம் மீண்டும் வழக்குத் தொடர்ந்தது.

2010-இல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐவர் குழு அமைக்கப்பட்டது. வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் ஆகிய மூன்று கோணங்களிலும் அணை பாதுகாப்பானது என்று 2012 ஏப்ரலில் அக்குழு அறிக்கை அளித்தது. உச்சபட்ச வெள்ளத்தின் அளவு விநாடிக்கு 2.12 லட்சம் கன அடி என்பது மத்திய நீர் ஆணையத்தின் கணக்கு. அது இன்னும் அதிகமாக இருக்கும் என்ற கேரளத்தின் வாதத்தைக் குழு ஏற்கவில்லை. 2014 மே 7-இல் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான அரசியல் சாசன அமர்வு, கேரளத்தின் சட்டத்தைச் செல்லாது என அறிவித்து 142 அடியை உறுதி செய்ததுடன், கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 35 ஆண்டுகளுக்குப் பின் 142 அடியைத் தொட்டது.

முதல் அளவுகோலைப் பொருத்தவரை நீதிமன்றம் தெளிவாகவே விடை கூறிவிட்டது. இரண்டாவது அளவுகோலுக்கு அப்படிப்பட்ட விடை இன்னும் வரவில்லை.

கொச்சி உயர் நீதிமன்றத்தில் ஒரு வாக்குமூலம்

2011 நவம்பரில் இடுக்கிப் பகுதியில் ஏற்பட்ட சிறு நில அதிர்வுகளைத் தொடர்ந்து கேரளம் கொந்தளித்தது. 35 லட்சம் பேர் உயிருக்கு ஆபத்து என்று அங்குள்ள கட்சிகள் முழங்கின. டிசம்பரில் இடதுசாரிகள் முல்லைப் பெரியாறு பகுதியிலிருந்து கொச்சி வரை மனிதச் சுவர் அமைத்தனர். குமுளி எல்லையில் போக்குவரத்து முடங்கியது. இரு பக்கமும் அப்பாவிகள் தாக்கப்பட்டனர்.

அந்தச் சூழலில் கொச்சியில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தில், அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர், முல்லைப் பெரியாறு உடைந்தாலும் அந்த நீரை இடுக்கி, செறுதோணி, குளமாவு அணைகள் தாங்கிக்கொள்ளும் என்று தெரிவித்தார். இதனால் அவர் பதவி விலக வேண்டும் என்ற குரல் எழுந்தது. அரசியல் புயல் வீசியது. ஆனால் அவர் தொட்டது அபாய மதிப்பீட்டின் மையமான கேள்வி என்பதை அந்த அமளியில் கவனித்தவர்கள் குறைவு.

கணக்கு எளிது. 152 அடியில் முல்லைப் பெரியாற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 15.6 டி.எம்.சி. சுமார் 36 கிலோ மீட்டர் கீழே உள்ள இடுக்கி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 70 டி.எம்.சி. இடுக்கியில் போதிய இடம் இருந்தால் அது மேலிருந்து வரும் நீரை வாங்கிக்கொள்ளக் கூடும். அப்போது கொச்சிக்கு நேரும் பாதிப்பு பெரிதும் குறையும். இடுக்கி நிரம்பி இருந்தால் நிலைமை வேறு.

நிரம்பி இருக்குமா என்ற கேள்விக்கு 2018 ஆகஸ்ட் விடை சொன்னது. 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. முல்லைப் பெரியாறும் 142 அடியை எட்டியது. இரு நீர்த்தேக்கங்களும் ஒரே வாரத்தில் நிரம்பி நின்றன. ஆலுவாவும் பரவூரும் காலடியும் மூழ்கின. கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடப்பட்டது. அந்த வெள்ளத்துக்கு எந்த அணையும் உடைய வேண்டியிருக்கவில்லை. மழையே போதுமானதாக இருந்தது. ஆனால் மலையில் அணைகள் நிரம்பும் நாளும் சமவெளியில் ஆறு கரை புரளும் நாளும் ஒன்றாகவே வரும் என்பதை அது காட்டியது.

மட்டாஞ்சேரி வரை வெள்ளம் வருமா, வந்தால் எத்தனை அடி, எத்தனை மணி நேரத்தில் என்பதை மேடைப் பேச்சு தீர்மானிக்க முடியாது. இடுக்கியின் ஒவ்வொரு நீர்மட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்ட வெள்ளப் படமே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் பாதிக்கப்படுவோர் யார்?

இடுக்கி எவ்வளவு நீரைத் தாங்கினாலும் பயனடையாத ஒரு பகுதி உண்டு. அது முல்லைப் பெரியாறுக்கும் இடுக்கிக்கும் இடையிலான பள்ளத்தாக்கு. வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை போன்ற ஊர்கள் அணையின் நேர் கீழே உள்ளன. பீர்மேடு தாலுகாவின் இந்தத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோரில் பெரும் பகுதியினர் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பத்தினர்.

அணையின் கிழக்கே பாசனம் பெறுவோரும் தமிழர். மேற்கே ஆபத்தின் முதல் வரிசையில் நிற்போரிலும் தமிழர் ஏராளம். இதை நினைவில் கொண்டால், அபாய மதிப்பீடு கேட்பது தமிழகத்துக்கு எதிரான செயல் என்ற எண்ணம் தானே விலகும்.

மரங்களில் சிக்கிய மண் அணை

பேபி அணையையும் மண் அணையையும் பலப்படுத்த, அவற்றின் கீழ்ப்புறம் உள்ள சில மரங்களை வெட்ட வேண்டும். அப்பகுதி பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 2021 நவம்பரில் கேரள வனத் துறை 15 மரங்களை வெட்ட அனுமதி வழங்கியது. தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஆனால் தங்களுக்குத் தெரியாமலே அனுமதி அளிக்கப்பட்டதாகக் கேரள அமைச்சர்கள் கூறினர். சில நாள்களிலேயே அந்த உத்தரவு ரத்து செய்யப்பட்டது. உத்தரவிட்ட வன அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இதில் உள்ள முரண்பாடு வெளிப்படையானது. அணை பலவீனமானது என்று கூறும் மாநிலமே, பலப்படுத்தும் பணிக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது. பலப்படுத்தினால் 152 அடி கேட்பார்கள் என்பதே அதன் அச்சம். மறுபுறம், பலப்படுத்தும் பணியை 152 அடி உரிமையோடு சேர்த்தே தமிழகம் பேசி வருவது அந்த அச்சத்தை வளர்க்கிறது. பாதுகாப்புப் பணியும் நீர்மட்ட உரிமையும் ஒரே முடிச்சில் சிக்கிக் கிடக்கின்றன.

கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இரு மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மரம் வெட்டும் அனுமதி குறித்துக் காலவரம்புக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் கூறியது.

புதிய சட்டம் தரும் வழி

நாடாளுமன்றம் 2021 டிசம்பரில் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அனைத்து அணைகளும், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உள்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளும் இதில் அடங்கும். நாடு முழுவதும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அணைகள் இதன் வரம்பில் வருகின்றன. அதற்கும் குறைந்த உயரமுள்ள ஏரிக் கரைகள் இதில் வருவதில்லை.

ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை வேறு மாநிலத்தின் எல்லைக்குள் இருந்தால், அதன் பாதுகாப்பைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே மேற்பார்வையிடும் என்கிறது இச்சட்டம். முல்லைப் பெரியாறு மட்டுமின்றி, தமிழகத்தின் பராமரிப்பில் உள்ள பரம்பிக்குளம் அணைக்கும் இது பொருந்தும். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தின் ஒரு மதகு உடைந்து வெள்ளம் வெளியேறியபோது, பழைய மதகுகளின் பராமரிப்பு எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்தது.

சட்டம் வந்த ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது 2026 இறுதிக்குள், ஒவ்வோர் அணைக்கும் சுதந்திரமான நிபுணர் குழுவின் முழுமையான பாதுகாப்பு ஆய்வும், இடர் மதிப்பீடும், அவசரகாலச் செயல் திட்டமும் முடிக்கப்பட வேண்டும். முதலாவது அணையின் உடல்நிலையைக் கூறும். மற்ற இரண்டும் கீழே வாழ்வோரின் நிலையைக் கூறும். இவை சேர்ந்து வெளிவரும்போதுதான் இரு மாநிலங்களின் கேள்விகளும் ஒரே மேசைக்கு வரும்.

அவசரகாலச் செயல் திட்டம் கோப்பில் மட்டும் இருந்தால் பயனில்லை. எந்த நீர்மட்டத்தில் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எந்தப் பள்ளி மேட்டில் இருக்கிறது, இரவில் மதகு திறந்தால் ஒலிபெருக்கி எந்த மொழியில் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வண்டிப்பெரியாறில் அந்த அறிவிப்பு மலையாளத்திலும் தமிழிலும் ஒலிக்க வேண்டும். கொச்சியில், குடிநீர் நிலையங்கள் மூழ்கினால் மாற்று ஏற்பாடு என்ன என்பதும் சேர வேண்டும்.

152 அடி வழக்கு தொடரட்டும். அது இரு மாநிலங்களின் உரிமை. அது முடியும்வரை மண் அணையைப் பலப்படுத்தும் பணியும் வெள்ளப் படத்தை வெளியிடும் பணியும் காத்திருக்க வேண்டியதில்லை. பலப்படுத்துவதால் எந்த மாநிலத்தின் வாதமும் தோற்காது என்று இரு அரசுகளும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டாலே முதல் முடிச்சு அவிழும். அந்த ஒப்புதலைப் பெற்றுத் தரும் பொறுப்பு தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு.